பானை, படிக்கட்டு, ஆர்டுயினோ: பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உடல் சமநிலை நடத்துவது எப்படி?

"டீச்சர், பானைக்கும் ஹோமியோஸ்டாசிஸ் உண்டா?"

ஆடி மாதம், மதியச் சாப்பாடு முடிந்து வரும் முதல் பீரியட். வெளியே காற்று புழுதியை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. லேப் மூலையில், முக்காலி மேல் ஒரு மானாமதுரைப் பானை. வெயில் எவ்வளவு ஏறினாலும் அதில் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும். கேட்ட பையன் வம்புக்குக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா தெரியவில்லை. வகுப்பு சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அளந்து பார்த்துச் சொல்றேன்" என்று அன்றைக்குச் சமாளித்தேன். பதிலுக்குக் கடைசியில் வருகிறேன்.

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில், மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். 19 வருடம் ஆகிறது. முதல் 12 வருடம் ஹோமியோஸ்டாசிஸ் என்கிற இந்த உடல் சமநிலைப் பாடத்தை எல்லாரும் நடத்துவது மாதிரிதான் நடத்தினேன். போர்டில் மூன்று கட்டம், நடுவில் அம்புக்குறிகள்: உணர்வேற்பி, கட்டுப்பாட்டு மையம், செயல்படும் உறுப்பு. "உடலின் உட்சூழலை நிலையாக வைத்திருத்தல்" என்று பிள்ளைகள் எழுதுவார்கள், இரண்டு மார்க் வாங்குவார்கள். "யார் வைத்திருக்கிறது? நிலை மாறிவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் ஃபேன் சத்தம்தான் கேட்கும்.

சென்சார் வாங்கி வந்து அளக்க ஆரம்பித்த முதல் வருடமும் கோட்டைதான் விட்டேன். ஒரு பையனின் வாயில் தெர்மாமீட்டரை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடல் வெப்பத்தை எழுதச் சொன்னேன். 36.8, 36.8, 36.9, 36.8. கிராஃப் போட்டால் படுத்த கோடு. பின் பெஞ்சில் கொட்டாவி. "தெர்மாமீட்டர் ரிப்பேரா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. ஆடாத ஒன்றைத் தனியாகக் காட்டினால், அது கட்டுப்பாட்டில் இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். எந்தச் சோதனை செய்தாலும் ஒரே தாளில் இரண்டு கோடு வர வேண்டும். ஒன்று ஆட வேண்டும், இன்னொன்று ஆடாமல் நிற்க வேண்டும். அதன் பிறகு ஒரே கேள்வி: இது நிற்பதற்காக எது ஆடுகிறது? இதைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லும் சோதனைகளை உங்கள் வசதிக்கு எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நான்கு பீரியடும் ஒரு சனிக்கிழமை காலையும் போதும்.

வாங்க வேண்டியவை

நாங்கள் ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு செட் வைத்திருக்கிறோம். சென்சார்களைப் படித்து, நாம் எழுதும் புரோகிராம்படி வேலை செய்யும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று. டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் இரண்டு. ஸ்டீல் குப்பிக்குள் அடைத்து வயரோடு வரும் வாட்டர்ப்ரூஃப் வகையைக் கேளுங்கள். காற்றின் ஈரப்பதம் பார்க்க டிஹெச்டி22 ஒன்று. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று. கொரோனா காலத்தில் வாங்கியது பல வீட்டு அலமாரியில் தூங்குகிறது, கேட்டால் கொண்டுவருவார்கள். மெடிக்கல் ஷாப்பில் டிஜிட்டல் தெர்மாமீட்டர், மைக்ரோபோர் டேப், ஸ்பிரிட், பஞ்சு.

1953இல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) திறந்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் காம்பவுண்டைத் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகும் பிள்ளைகள், லேப்பில் ஒரு வயரைத் தொட பயப்படுவது எனக்கு உறுத்தல். அதனால் வயரிங்கை நான் செய்து கொடுப்பதில்லை. அவர்கள்தான் மாட்ட வேண்டும்.

டிஎஸ்18பி20க்கு மூன்று வயர். சிவப்பு 5 வோல்ட்டுக்கு, கருப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் 2ஆம் பின்னுக்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இந்த ரெசிஸ்டரைத்தான் மறப்பார்கள். மறந்தாலோ வயர் கழன்றாலோ திரையில் மைனஸ் 127 வரும். கரண்ட் வந்த கையோடு, அளந்து முடிக்கும் முன்பே படித்தால் 85 வரும். இரண்டுமே சென்சாரின் பிழைச் செய்தி, வெப்பநிலை இல்லை. முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு குழு 85ஐ அப்படியே நோட்டில் எழுதி, "மாணவர் நலமாக உள்ளார்" என்று கீழே குறிப்பும் போட்டிருந்தது.

அப்புறம், சென்சார்களை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் ஆரம்பிக்காதீர்கள். இந்த வகை அரை டிகிரி கூடவோ குறையவோ காட்டலாம். அது அதன் இயல்பு. சர்பத் கடையில் ஐஸ் வாங்கி, துணியில் சுற்றி நன்றாக இடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, எல்லா சென்சாரையும் அந்த டம்ளருக்குள் சேர்த்துப் போடுங்கள். கலக்கிக்கொண்டே ஐந்து நிமிடம். எல்லாம் 0 காட்ட வேண்டும். 0.3 காட்டுகிற சென்சார் மேல் ஒரு டேப் ஒட்டி, "0.3 கழிக்க" என்று எழுதிவிடுங்கள். அவ்வளவுதான்.

உடம்பில் சென்சார் ஒட்டியிருக்கும்போது லேப்டாப் சார்ஜரில் இருக்கக் கூடாது. பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

குளிர்ந்த தண்ணீரில் ஒரு கை

இது முதல் சோதனை. பக்கெட் தண்ணீரில் ஐஸ் போட்டு 15 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெறும் ஐஸ் தண்ணீர் வேண்டாம். வலிக்கும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தும் கூட. குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிற பிள்ளைகளும் இதைச் செய்ய வேண்டாம்.

உட்காரும் பிள்ளை அதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்து எதுவும் குடித்திருக்கக் கூடாது, ஏனென்றால் வாயில் தெர்மாமீட்டர் வைக்கப்போகிறோம். இடது கை விரல் நுனியில் ஒரு சென்சார், மைக்ரோபோர் டேப்பால் சுற்றி. வலது கையை மணிக்கட்டு வரை ஒரு நிமிடம் முக்க வேண்டும். முக்கும் கையில் சென்சாரை முதலிலேயே ஒட்டாதீர்கள். அது தண்ணீரைத்தான் அளக்கும். எடுத்த உடனே துண்டால் ஒற்றித் துடைத்து, அப்புறம் ஒட்டுங்கள். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். முக்கும் முன்பு ஒருமுறை, எடுத்ததும் ஒருமுறை, முடிவில் ஒருமுறை வாயில் வெப்பம் பாருங்கள்.

போன வருடம் ஒரு பிள்ளைக்கு வந்தது இது: முக்கும் முன் விரல் 33.5. எடுத்துத் துடைத்து ஒட்டியதும் 22. பிறகு முதல் இரண்டு நிமிடம் சோம்பேறித்தனமாக ஏறி, அப்புறம் வேகம் பிடித்து, பன்னிரண்டாவது நிமிடத்தில் 32. தண்ணீரையே தொடாத இடது கை விரலும் ஒரு டிகிரி போல இறங்கி ஏறியது. வாய்? 36.8, 36.7, 36.8.

"அந்தக் கை ஏன் டீச்சர் இறங்குச்சு? அதை நாங்க தொடவே இல்லையே" என்றாள் பக்கத்துப் பெண். அந்தக் கேள்வி வரும் வரை வாயைத் திறக்காமல் இருங்கள். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு அரிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். வலது கைத் தோலின் குளிரை நரம்பு, மூளையில் உள்ள ஹைப்போதலாமஸுக்குச் சொல்ல, அது இரண்டு கையின் தோலிலும் உள்ள சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கச் சொல்கிறது. சூடான ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே நிற்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்கள் குளிராமல் இருக்க வெளிக் கதவைச் சாத்துகிற மாதிரி. தோல் ஆடியது, வாய் நின்றது.

இதில் ஒரு எதிர்பாராத லாபமும் உண்டு. குளிர்ந்த விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பாருங்கள். பல நேரம் எண்ணே வராது, கோடு கோடாகக் காட்டும். முதல் தடவை பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். விரலுக்கு ரத்தம் குறைந்துவிட்டதால் துடிப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் காரணம். குழாய் சுருங்கியது என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி பள்ளிக்கூடத்தில் கிடைக்காது.

படி ஏறி இறங்குவது

எங்கள் பள்ளிக்குப் பின் தெருவில் ஒரு பழைய வீடு. ஊரில் பாதி வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்க, இங்கே மட்டும் ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். சனிக்கிழமை காலை அவர் வீட்டு முகப்பில்தான் இந்தச் சோதனை. திண்ணை உயரம் கூடுதல், அதற்கு வேண்டாம். திண்ணைக்கு ஏறும் கீழ்ப்படி சரியாக ஒரு சாண் உயரம் இருக்கிறது, அது போதும். "என்னத்தா, பிள்ளைகளை விட்டு என் படியைத் தேய்க்கப் போறியா?" என்று வருடா வருடம் கேட்பார். கேட்டுவிட்டு எல்லாருக்கும் மோர் கொடுப்பார்.

போனில் மெட்ரோனோம் ஆப் ஒன்றை நிமிடத்துக்கு 96 தட்டு என்று வையுங்கள். நான்கு தட்டுக்கு ஒரு முறை ஏறி இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 24 முறை. மூன்று நிமிடம். ஆக்சிமீட்டரை ஏறும்போது மாட்டாதீர்கள், கை ஆட்டத்தில் எண் தாறுமாறாக வரும். உட்கார்ந்ததும் மாட்டி, முதல் நிமிடம் 15 வினாடிக்கு ஒருமுறையும் பிறகு நிமிடத்துக்கு ஒருமுறையும் துடிப்பையும் ஆக்சிஜனையும் எழுதுங்கள். அடர்ந்த நிறத்தில் நெயில் பாலிஷ் போட்ட விரல் வேண்டாம்.

ஏறும் முன் 82 இருந்த துடிப்பு, உட்கார்ந்ததும் 138. ஒரு நிமிடத்தில் 108. ஐந்தாவது நிமிடத்தில் 88. ஆக்சிஜன் இத்தனை நேரமும் 98, 97, 98 என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு தாளில் இரண்டு கோடும் வந்தபோது, "ஹார்ட் இவ்ளோ ஓடுனதே அது நகரக் கூடாதுன்னுதானா?" என்று ஒரு பையன் கேட்டான். அதைத்தான் நான் 12 வருடம் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். மூச்சு வாங்கத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். சாதாரணமாக நம் மூச்சை அதிகம் ஆட்டிவைப்பது ரத்தத்தில் கூடும் கார்பன் டை ஆக்சைடு. அதை மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் கவனிக்கிறது. இதைக் காட்டலாமே என்று ஒரு கார்பன் டை ஆக்சைடு சென்சார் வாங்கி, வாயருகே வைத்து ஊதச் சொன்னேன். அது 5,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு) வரைதான் அளக்கும். நாம் விடும் மூச்சில் 40,000 பிபிஎம் அளவுக்கு இருக்கும். சென்சார் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வகுப்பறைக் காற்றை அளக்க அது நல்லது, மூச்சுக்கு வாங்காதீர்கள்.

படியேற்றத்தில் ஒரு தடவை நான் பயந்துபோனேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை ஒருத்தி, மூன்றாவது நிமிடம் கண் இருட்டுகிறது என்று அப்படியே திண்ணையில் சாய்ந்துவிட்டாள். ஆச்சி வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, விசிறிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து முதல் கேள்வி "சாப்பிட்டாயா?" ஆஸ்துமா, இதயக் கோளாறு, ரத்தசோகை, காய்ச்சல் இருப்பவர்கள் நேரம் குறிக்கும் வேலை பார்க்கலாம். முடியவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் காரணம் கேட்காதீர்கள். யாருடைய எண்ணையும் பெயர் போட்டு போர்டில் எழுத வேண்டாம். குழு எண் போதும். ஓய்வாக இருக்கும்போதே யாருக்காவது துடிப்பு மிக அதிகமாக இருந்தால், தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நாமே ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது.

வியர்வைக்கு அதிக நேரம் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் டிஹெச்டி22ஐயும் கையையும் விட்டு, மணிக்கட்டில் தளர்வாகக் கட்டுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் கைதான். ஐந்து நிமிடத்தில் பைக்குள் ஈரப்பதம் 55இலிருந்து 90க்கு ஏறிவிடும். அடுத்து இரண்டு டிஎஸ்18பி20ஐ ஃபேன் காற்றில் வைத்து, ஒன்றில் ஈரப் பஞ்சைச் சுற்றுங்கள். காய்ந்தது 32இல் நிற்க, ஈரமானது 26 வரை இறங்கியது எங்களுக்கு. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துப் போகிறது என்ற கணக்கை இந்த இடத்தில் கொடுத்தால் ஒட்டும்.

தெர்மாகோல் பெட்டி

உடம்பு மாதிரியே தன் சூட்டைத் தானே 37 டிகிரியில் வைத்துக்கொள்ளும் ஒரு பெட்டி. இதற்குத்தான் இரண்டு முழு பீரியட் ஒதுக்குகிறேன். மற்ற எதையாவது விட வேண்டியிருந்தால் விடுங்கள், இதை விடாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் மருந்து வந்த தெர்மாகோல் பெட்டி சும்மாவே கிடைக்கும். உள்ளே ஒரு கார் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட். பக்கச் சுவரில் ஓட்டை போட்டு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன். பல்பையும் ஃபேனையும் ஆர்டுயினோ சொல்கிறபடி போட்டு அணைக்க, இரண்டு ரிலே (மின்சார சுவிட்ச்) உள்ள மாட்யூல் ஒன்று. கரண்ட்டுக்குப் பழைய பைக் பேட்டரி. 230 வோல்ட் பல்பை வைத்தால் வேலை சுலபம்தான், ஆனால் பிள்ளைகள் கை வைக்கும் பெட்டியில் அது கூடாது. பல்புக்குப் பக்கத்துச் சுவரில் அலுமினியத் தாள் ஒட்டிவிடுங்கள். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

புரோகிராமில் ஒரே ஒரு எண்தான் முக்கியம்: 37. சென்சார் அதைவிட அரை டிகிரி குறைவாகக் காட்டினால் பல்பு எரிய வேண்டும், அரை டிகிரி கூடினால் அணைய வேண்டும். ஒரு டிகிரி கூடினால் ஃபேன் ஓட வேண்டும். இந்த இடைவெளி இல்லாமல் 37இலேயே போடவும் அணைக்கவும் சொன்னால், ரிலே பல்லி மாதிரி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகளிடம் சென்சார்தான் உணர்வேற்பி, ஆர்டுயினோதான் ஹைப்போதலாமஸ், பல்பு நடுக்கம், ஃபேன் வியர்வை என்று நான் சொல்வதில்லை. நான்கு சீட்டில் அந்தப் பெயர்களை எழுதிக் கொடுத்து, எதன்மேல் எதை ஒட்டுவீர்கள் என்று விட்டுவிடுவேன். சண்டை போட்டுத்தான் ஒட்டுவார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, முதல் பெட்டியில் பல்பு எரியவே இல்லை. உள்ளே 32 டிகிரி, ஆனால் ஃபேன் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வயர் எல்லாம் சரி. பொறுமை போன ஒரு பையன், நான் திரும்பிய நேரத்தில் "கொஞ்சம் உதவி பண்ணலாம்" என்று ஒரு டம்ளர் வெந்நீரை உள்ளே வைத்துவிட்டான். 37.5 தாண்டியதும் டக் என்று பல்பு எரிந்தது. கைதட்டல். 39. ஃபேன் நின்றது. 42, 46, 51. கைதட்டல் ஓய்ந்தது. பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்த பிறகுதான் நான் பேட்டரி கிளிப்பைப் பிடுங்கினேன். பல்புக்குப் பக்கத்துச் சுவர் கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது.

நடந்தது இதுதான். கடைகளில் கிடைக்கும் ரிலே மாட்யூல்களில் பல, தலைகீழாக வேலை செய்யும். நாம் ஆன் என்று அனுப்பினால் அணையும், ஆஃப் என்று அனுப்பினால் போடும். எங்களுடையது அந்த வகை. அப்படியானால் இந்தப் பெட்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன். ஒரு பெண் யோசித்து யோசித்துச் சொன்னாள்: "சூடு ஏற ஏற இன்னும் சூடு பண்ணச் சொல்லுது டீச்சர்." நேர்மறைப் பின்னூட்டத்துக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படிக்கவில்லை. வெப்பத் தாக்கில் உட்புற வெப்பம் 40ஐத் தாண்டி, குளிர்விக்கும் வழிகள் கைவிடும்போது உடம்பு போகும் பாதை இதற்குப் பக்கத்தில்தான். பிரசவ வலியில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடிக்கொண்டே போவது நேர்மறைப் பின்னூட்டம்தான், ஆனால் அதற்குக் குழந்தை பிறப்பது என்ற முடிவு உண்டு. இப்போதெல்லாம் அந்தத் தப்பை வேண்டுமென்றே ஒருமுறை செய்து காட்டுகிறேன், அலுமினியத் தாள் ஒட்டி, பேட்டரி கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, 45 வரை மட்டும்.

ரிலேயைச் சரிசெய்த பிறகு, சென்சாரின் எண்களை லேப்டாப் திரையில் கிராஃபாக வரையும் சீரியல் பிளாட்டரில் கோட்டை ஓட விடுங்கள். நேர்க்கோடு வராது. 36.5க்கும் 38க்கும் நடுவில் அலை அலையாக வரும். சென்சாரின் ஸ்டீல் குப்பி சூடாக நேரம் எடுப்பதால் பல்பு தாமதமாகத்தான் அணையும். "நம்ம உடம்பும் இப்படி ஆடுமா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஆடும். விடிகாலையில் குறைந்து, சாயங்காலம் ஏறி, ஒரு நாளுக்குள்ளேயே அரை டிகிரி, சிலருக்கு அதற்கும் மேல் வித்தியாசம் வரும். ஹோமியோஸ்டாசிஸ் என்ற பெயரை 1926இல் வைத்த அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன், கிரேக்கத்தில் 'அதே' என்று பொருள்படும் சொல்லை விட்டுவிட்டு, 'அதைப் போல' என்று பொருள்படும் சொல்லைத்தான் எடுத்தார். அந்தச் சொல் தேர்வு அலையைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு ரசிக்கிறது.

பெட்டி 37இல் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒன்றும் சொல்லாமல் புரோகிராமில் 37ஐ அழித்து 39 என்று போட்டு ஏற்றுங்கள். சில வினாடியில் பல்பு எரியும். இதுவரை சரியாக இருந்த அதே 37 இப்போது பெட்டிக்குக் குளிர்கிறது. "இதுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். எங்கள் வகுப்பில் பதில் வர அரை நிமிடம் ஆனது: "காய்ச்சல்!" கிருமி வந்தால் உடம்பில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், ஹைப்போதலாமஸில் இருக்கும் அந்த எண்ணை உயர்த்திவிடுகிறது. அதனால்தான் தொட்டால் கொதிக்கிற ஆள் கம்பளி கேட்டு நடுங்குகிறார். பாராசிட்டமால் அந்த எண்ணைக் கீழே இறக்குகிறது. இறக்கினால்? திரும்பவும் 37 போட்டு ஏற்றுங்கள். பல்பு அணைந்து ஃபேன் ஓடும். "வேர்த்துட்டா காய்ச்சல் விட்டுடுச்சுன்னு எங்க அப்பத்தா சொல்லும்" என்றான் ஒருவன். அப்பத்தா சொன்னது சரிதான்.

சர்க்கரை

பிள்ளைகளின் விரலில் ஊசி குத்தாதீர்கள். பெற்றோர் சம்மதித்தாலும் வேண்டாம். குத்துவது என் விரலில் மட்டும், என் குளுக்கோமீட்டரில். காலை வெறும் வயிற்றில் 92. இரண்டு வெள்ளைப் பணியாரமும் ஒரு கிண்ணம் கவுனி அரிசியும் சாப்பிட்டு (பாடத்துக்காகத்தான்) 45 நிமிடம் கழித்து 138. இரண்டு மணி நேரத்தில் 104. பக்கத்திலேயே அம்மாவின் எண்களையும் அவர் சம்மதத்தோடு போடுவேன்: 148, 260, 215. அவருக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு கோட்டையும் பார்த்தால் எங்கே திரும்பி வருகிறது, எங்கே வரவில்லை என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

பானைக்கு வருகிறேன்

அந்தப் பையனுக்குச் சொன்ன மாதிரி அளந்தோம். பானையில் ஒரு சென்சார், பக்கத்தில் எவர்சில்வர் குடத்தில் ஒன்று. ஆடி மாத மதியம் குடம் 32, பானை 26. "வெயில் கூடினா பானைல இன்னும் நிறைய ஆவியாகும், இன்னும் குளிரும். அப்போ அதுவும் எதிர்த்து வேலை செய்யுதுல்ல?" என்று வாதாடினான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வாதம். கூடினால் குறைக்கிற எதிர்மறைப் பின்னூட்டத்தின் ஒரு பாதி அதில் இருக்கத்தான் செய்கிறது.

"சரி, ஐப்பசி வரட்டும்" என்றேன். மழை விடாமல் பெய்த ஒரு நாள் திரும்ப அளந்தோம். குடமும் பானையும் 26ஐ ஒட்டியே, இரண்டுக்கும் அரை டிகிரிதான் வித்தியாசம். ஈரக் காற்றில் ஆவியாக வழியில்லை. மார்கழிக் காலையில் பானை 22. ஆச்சி வீட்டு வளவுக்குள்ளும் ஒரு நாள் முழுக்கச் சென்சார் வைத்தோம். தெருவில் 37 அடித்த மதியம் உள் அறையில் 31. கனத்த சுவர் வெயிலைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் மார்கழியில் அந்த அறையும் இறங்கித்தான் போனது. மூன்று நாளும் அவன் வாயில் தெர்மாமீட்டர் காட்டியது 36.7, 36.8, 36.7.

"பானை எங்கே போய் நிற்குதுங்கிறதை அன்னிக்குக் காத்துதான் முடிவு பண்ணுது. உனக்கு உள்ளேயே ஒரு எண் இருக்கு. பானைக்கு அது எங்கே இருக்கு?" என்று கேட்டேன். கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "பானைல தண்ணி குறைஞ்சா யாராவது பார்த்து ஊத்துறாங்கள்ல டீச்சர், அந்த ஆளையும் சேர்த்துப் பார்த்தா?" என்றான்.

அந்த வருடம் பானைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அவனிடமே கொடுத்துவிட்டேன், சென்சாரைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டு. இரண்டு நாள் மறந்துபோனான். எந்த இரண்டு நாள் என்று கிராஃபில் தெரிந்தது.